பதினான்கு பைல்கள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் மைசூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். வயது இருபத்தைந்து. வாரநாட்களில் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு டிப்ளமோ வகுப்பு நடந்தது. அதில் பதினைந்து பேர். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். அவர்கள் "மேடம்" என்று கூப்பிடும்போது வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்த நாட்கள் உண்டு.

லேப் கீழ்த்தளத்தில் இருந்தது. பதினாறு மெஷின்கள், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். எந்த மெஷினிலும் யாருடைய வேலையும் தங்குவதில்லை. எல்லாருடைய பைல்களும் முதல் மாடியில், ஏ.சி. அறைக்குள் பூட்டி வைத்திருந்த ஒரே சர்வரில் இருந்தன. சுவரோரமாக ஓடிய கேபிள் வழியாகக் கீழே உள்ள மெஷின்கள் அந்த டிஸ்க்கைத் தங்களுடையது போலவே காட்டும். எதில் உட்கார்ந்து பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தாலும் உங்கள் பைல்கள் உங்கள் முன்னால் வந்து நிற்கும். அதுவரை பிளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம்.

முதல் வகுப்பில் இதையெல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். போர்டில் மாடியறைக்கு ஒரு பெரிய கட்டம், மெஷின்களுக்குப் பதினாறு சின்னக் கட்டங்கள், நடுவில் அம்புக்குறிகள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டால் புரிந்துவிட்டது என்று நம்பிய காலம் அது.

அந்த வகுப்பில் கொள்ளேகாலிலிருந்து ஒரு அக்கா வந்தார். அங்கே ஒரு பட்டு வியாபாரியின் ஆபீசில் டைப்பிஸ்ட். நாற்பதை நெருங்கும் வயது, இரண்டு பிள்ளைகள். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார். வகுப்பில் கன்னடம் பேசுவார். என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ் மாதிரி. நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். என் தமிழில் பாதி கன்னடம். அவர் என்னோடு பேசும்போது என் வாய்க்குத்தான் கூச்சமாக இருக்கும்.

லேப் பத்து மணிக்குத்தான் திறக்கும். அவர் ஒன்பதரைக்கே கதவருகில் நிற்பார். திறந்ததும் நேராக ஏழாம் நம்பர் மெஷினில் போய் உட்கார்வார். படிப்பில் ஆர்வம் என்று நினைத்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ ஞாயிற்றுக்கிழமை பஸ் பழுதாகி அவர் வந்து சேரப் பதினொன்றாகிவிட்டது. அதற்குள் ஒரு தொழிற்சாலை சூப்பர்வைசர் ஏழாம் நம்பரில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் இந்த அக்கா பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

"பன்னெண்டு காலியா இருக்குதே, அங்க உக்காருங்க" என்றேன்.

"இல்லைங்க மேடம், என்ற பைல் இதுலதானுங்க இருக்குது. அவரு முடிக்கட்டும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஐந்து வாரமாக அரை மணி நேரம் முன்னால் வந்து நின்றது தன் பைல் இருக்கும் மெஷினை யாரும் எடுத்துவிடக் கூடாது என்றுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பன்னிரண்டில் உட்காரவைத்தேன். பெயரும் பாஸ்வேர்டும் போடச் சொன்னேன். அவருடைய பைல்கள் வரிசையாக வந்தன.

"இங்கயும் இருக்கு பாருங்க" என்றேன்.

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய் ஒன்பதாம் நம்பரிலும் போட்டுப் பார்த்தார். அங்கேயும் வந்தது.

"இதுலயுமுங்களா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எல்லாத்துலயும் வெச்சிருக்கீங்க. நாந்தான் பைத்தியக்காரி மாதிரி ஓடி ஓடி வந்திருக்கிறேன்."

"ஆமா, எல்லாத்துலயும் இருக்கு. ஓடி வரவேண்டாம்" என்றேன். அன்று ஒருவருக்குச் சரியாகப் புரியவைத்துவிட்ட திருப்தியில் வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு புராஜெக்ட் தொடங்கியது. நூலகத்துக்கு ஒரு புரோகிராம். ஆளுக்கொரு பகுதி: புதுப் புத்தகம் சேர்ப்பது ஒருவர், உறுப்பினர் பட்டியல் ஒருவர், ஆசிரியர் பெயரை வைத்துப் புத்தகம் தேடுவது கொள்ளேகால் அக்கா. ஒருவருடைய பகுதி மற்றவருடையதைக் கூப்பிட்டு வேலை வாங்க வேண்டும் என்பதால் பதினைந்து பைல்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சர்வரில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு டைரக்டரி திறந்து கொடுத்தேன். யார் எதைத் திறக்கலாம், யார் எதை மாற்றலாம் என்று பர்மிஷன் பிரித்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் "மேடம், திறக்கல" என்று யாராவது வந்து நிற்பார்கள். அந்தத் தொந்தரவு வேண்டாமென்று எல்லாருக்கும் எல்லா பர்மிஷனும் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் சர்வரில் இருப்பதையெல்லாம் டேப்பில் நகலெடுத்து வைப்பது என் வேலை. அந்த மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எடுக்கவில்லை. முதல் வாரம் அக்ரஹாரத்தில் சித்தப்பா வீட்டு நிச்சயதார்த்தம். இரண்டாவது வாரத்துக்குக் காரணம் எதுவுமில்லை. சோம்பல்தான்.

அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றே கால் இருக்கும். நான் ரிப்பேரான மெஷினுக்குப் பின்னால் குனிந்து ஏதோ ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பழக்கத்தில் இன்னமும் உட்காரும் ஏழாம் நம்பருக்குப் பக்கத்து மெஷினில் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர் ஒரு பெண் உட்கார்வாள். என்னைவிட இளையவர்கள் இரண்டு பேரில் ஒருத்தி. அதிகம் பேசமாட்டாள். புரோகிராமின் மெயின் மெனு அவளுடையது. அதுதான் பெரிய பகுதி. அவள் குரல்தான் முதலில் கேட்டது.

"மேடம், என் பைல் இல்லை."

"சரியா பாரும்மா, டைரக்டரி மாறியிருக்கும்" என்றேன், குனிந்தபடியே.

பின்வரிசையிலிருந்து இன்னொருவர் "என்னுடையதும் இல்லை" என்றார். பிறகு நாலாபுறமும் நாற்காலிகள் நகரும் சத்தம். நான் எழுந்து ஓர் இடத்தில் உட்கார்ந்து பொது டைரக்டரியைப் பட்டியல் எடுத்தேன். பதினைந்து பெயர்கள் வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெயர் வந்தது. கொள்ளேகால் அக்காவின் பைல்.

அந்த மாதிரி சர்வரில் அழித்தது அழித்ததுதான். குப்பைக்கூடையில் போய் எடுத்துவரும் வசதியெல்லாம் கிடையாது. இருந்தும் ஏதோ செய்யப்போகிறவள் மாதிரி கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "இதேனு?" என்றார், என்ன இது என்று. பிறகு குரலை உயர்த்திக் கன்னடத்தில் கேட்டார். எல்லாருடையதும் போய் இந்தம்மாவுடையது மட்டும் எப்படி இருக்கிறது?

எல்லாரும் ஏழாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா டைப் செய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் பயமோ தயக்கமோ இல்லை. யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வது போல அமைதியாகக் கன்னடத்திலேயே சொன்னார்.

"நான் என் மெஷின்ல இருந்ததை அழிச்சேன். இடம் போதலைன்னு வந்துச்சு, அதுக்காக. உங்களோடது உங்க மெஷின்ல இருக்குமே?"

அவர் அந்த டீச்சர் பெண்ணைப் பார்த்தார். "உன் ஸ்கிரீனைப் பார்த்துட்டுத்தானே செஞ்சேன். உன்னுடையதுல எல்லாம் இருந்துச்சே" என்றார்.

இருந்தது உண்மைதான். பத்து நிமிஷத்துக்கு முன் எடுத்த பட்டியல் அந்தப் பெண்ணின் திரையில் அப்படியே நின்றிருந்தது. அதைப் பார்த்து, பதினைந்து பெயரும் இருப்பதை உறுதி செய்துகொண்டு, பிறகுதான் இவர் தன் மெஷினில் வேண்டாததை நீக்கத் தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு பைலுக்கும் மெஷின் "இது வேறொருவருடையது, அழிக்கவா?" என்று கேட்டிருக்கிறது. பதினான்கு தடவையும் ஆம் என்பதற்குப் பொறுமையாக "ஒய்" அடித்திருக்கிறார். தன்னுடைய பைலில் மட்டும் கை வைக்கவில்லை. அவர் கணக்குப்படி அது ஒன்றுதான் அந்த மெஷினுக்குத் தேவை.

"இங்கயும் இருக்கு" என்று நான் சொன்னது அப்போதுதான் எனக்கே கேட்டது. 'இங்கயும்' என்றால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. 'எல்லாத்துலயும் இருக்கு' என்று வேறு தலையாட்டியிருக்கிறேன். இருப்பது ஒன்றே ஒன்று, மாடியில்; இங்கிருந்து அது தெரிகிறது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். இருக்கிறது என்பதற்கும் தெரிகிறது என்பதற்கும் நடுவில் பதினான்கு பேரின் வேலை போய்விட்டது.

நான் அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் சூப்பர்வைசர் அவருக்குச் சொல்லிவிட்டார். ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போகும், இதுகூடத் தெரியாமல் எதற்கு வருகிறீர்கள் என்றார். அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் சூடு பட்டது போல எடுத்துக்கொண்டார். பையை எடுத்து மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

பின்னாலேயே ஓடினேன். வராந்தாக் கோடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் செருப்பு காலடியிலேயே இருந்தது.

"ஸ்வல்ப இருங்க அக்கா, கொஞ்சம் நில்லுங்க."

"நான் ஊருக்குப் போறேனுங்க. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன். அத்தனை பேரு வேலையையும் நாசம் பண்ணிப்போட்டேன்."

"நீங்க பண்ணல. நான் பண்ணேன்."

"சமாதானத்துக்குச் சொல்லாதீங்க மேடம். அழிச்சது யாருங்க? நான். இந்த வெரலுதானுங்க அடிச்சுது."

"நான்தான் உங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்தேன். எல்லாத்துலயும் இருக்குன்னு நான் சொன்னேனா இல்லியா?"

அவர் யோசித்தார். "சொன்னீங்க" என்றார் மெதுவாக.

"அடுத்தவங்க பைலை அழிக்க முடியாதபடி பூட்டி வெச்சிருக்கணும். வெக்கல. டேப் எடுத்திருக்கணும். ரெண்டு வாரமா எடுக்கல. இது மூணையும் உள்ள போய்ச் சொல்லப்போறேன். நீங்க இல்லாம நான் மட்டும் எப்படி நிப்பேன்?"

கடைசியில் சொன்னது திட்டமிட்டுச் சொன்னதல்ல. உண்மையிலேயே தனியாக உள்ளே போகப் பயமாக இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு கணம் பார்த்தார். தன்னைவிடச் சின்னவள் ஒருத்தி உள்ளே போகத் தயங்கி நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "வாங்க போலாம்" என்று அவர்தான் முன்னால் நடந்தார்.

வகுப்பில் மூன்றையும் சொன்னேன். கன்னடத்தில் சொன்னேன். புத்தக இங்கிலீஷில் சொன்னால் அதற்குள் ஒளிந்து தப்பித்துவிடுவேன் என்று தோன்றியது. போர்டில் மறுபடியும் பெரிய கட்டம் வரைந்து, "பைல் இங்கே மட்டும்தான் இருக்கிறது" என்று எழுதினேன். பாதிப் பேர் அப்போதுதான் முதல்தடவையாகத் தலையாட்டினார்கள். ஏழாம் நம்பரில் நடந்தது இன்னும் ஏழெட்டு மெஷின்களில் எந்த வாரமும் நடந்திருக்கக் கூடியது என்று அப்போது எனக்கு உறைத்தது.

அக்கா எழுந்து நின்று, "க்ஷமிசி" என்றார். மன்னியுங்கள் என்ற அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போய் டிஸ்க் ஏன் நிரம்பியது என்று பார்த்தேன். சூப்பர்வைசரின் சொந்த டைரக்டரியில் ஒரு ராட்சத பைல். அவருடைய புரோகிராம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் காலையிலிருந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருவருடைய பைல் வீங்கினால் எல்லாருக்கும் இடம் போகும். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைப் பார்த்தபடி மீசையைத் தடவினார். "இது என்னுடையதா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்தம்மாவுக்குத் தெரியுமா?" இல்லை என்றேன். அவர் படியிறங்கிப் போய் அக்காவிடம் தானே சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கும் தூரத்தில் நான் இல்லை. நான் கீழே வந்தபோது, "பிரிண்ட் அவுட் யார் யாரிடம் இருக்கிறது? பையைத் திறங்கள்" என்று வகுப்பையே விரட்டிக்கொண்டிருந்தார்.

பழைய டேப்பில் இருந்ததெல்லாம் பிள்ளையார் சுழி போட்ட அளவில்தான். ஆனால் பைகளிலிருந்து தாள்கள் வரத் தொடங்கின. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் நீளத் தாள்கள். பஸ்ஸில் உட்கார்ந்து திருத்துவதற்காகப் போன வாரம் எடுத்தவை, சாம்பார்க் கறையோடு, பிள்ளைகளின் கிறுக்கலோடு. எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று பேருடையது கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்ய வேண்டும். சமர்ப்பிக்க இரண்டே வாரம். பெரும்பாலோர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பவர்கள்.

"படிங்க, நான் அடிக்கிறேன்" என்றார் கொள்ளேகால் அக்கா.

நான் அதுவரை அவர் டைப் செய்வதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. வகுப்பில் என்ன அடிப்பது என்று யோசித்து யோசித்து நிறுத்துவார். யாராவது படித்துச் சொன்னால் அப்படியில்லை. விரல்களைப் பார்க்கவே முடியவில்லை. முதலில் உட்கார்ந்து படித்தவர் சூப்பர்வைசர்தான். "அடைப்புக்குறி திற, அடைப்புக்குறி மூடு, அரைப்புள்ளி" என்று கன்னடமும் இங்கிலீஷும் கலந்து அவர் சொல்லச் சொல்ல, திரையில் வரிகள் ஓடின. நடுவில் அவரே நிறுத்தினார். "இரும்மா, இந்த இடத்துல புரோகிராம் நிக்கச் சொல்லவே இல்லையே" என்றார். சத்தமாகப் படித்ததில் தன் தவறு அவர் காதிலேயே விழுந்திருந்தது. அந்த ராட்சத பைலுக்குக் காரணமான வரி அதுதான்.

அன்றைக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையுமாக அவர் பதின்மூன்று பேருடையதையும் அடித்து முடித்தார். இடையில் எழுந்து போய்ச் சப்பாத்திச் சுருளைச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்வார். நான் ஒவ்வொரு பைலுக்கும் அதன் சொந்தக்காரர் மட்டுமே மாற்றவும் அழிக்கவும் முடியும்படி பர்மிஷன் போட்டுக்கொண்டு வந்தேன். போட்டதும் அவரையே கூப்பிட்டு, "இப்ப அழிச்சுப் பாருங்க" என்றேன். "ஐயோ, நான் மாட்டேனுங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மூன்று தடவை கெஞ்சிய பிறகு அடித்துப் பார்த்தார். மெஷின் மறுத்தது. ஒரு பெரிய மூச்சு விட்டார்.

பிரிண்ட் அவுட் எடுக்காத ஒரே ஆள் அந்த டீச்சர் பெண். பிரிண்டருக்கு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எடுக்காமலே இருந்திருக்கிறாள். மெயின் மெனு முழுவதையும் நினைவிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அவளுக்காக வாரநாட்களில் கல்லூரி விட்டதும் லேபைத் திறந்து வைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து, புடவையில் சாக்பீஸ் தூளோடு உட்கார்ந்து எழுதினாள். அக்கா அவளிடம் இரண்டு முறை பேசப் பார்த்தார். "நீ சொல்லும்மா, நான் அடிக்கிறேன்" என்றார். "பரவாயில்லை" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மாத உழைப்பு அது. தன் திரையைப் பார்த்துத்தான் எல்லாம் அழிக்கப்பட்டது என்பது அவளை இன்னும் உறுத்தியிருக்கலாம்.

துறைத் தலைவருக்கு நான் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய் நின்றேன். படித்துவிட்டு, "மாணவர் பெயரை எங்கும் காணோமே" என்றார். "தேவைப்படல சார்" என்றேன். மடித்து இழுப்பறைக்குள் போட்டார். அதற்குப் பிறகு நான் அந்தக் கல்லூரியில் இருந்த வரை சனிக்கிழமை மாலையில் எங்கே பார்த்தாலும் "டேப்?" என்று ஒற்றைச் சொல்லில் கேட்பார். "எடுத்தாச்சு சார்" என்பேன். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

புராஜெக்ட் குறித்த நாளில் ஓடியது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு ஆசிரியர் பெயரைக் கொடுத்துத் தேடினார். மெனு திறந்து, அக்காவின் பகுதி வேலை செய்து, நாலு புத்தகங்களின் பெயர் வந்தது. உறுப்பினர் பட்டியலில் மட்டும் ஏதோ எழுத்துப்பிழை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து பேரும் தேறினார்கள்.

நாலைந்து மாதம் கழித்து டீச்சர் பெண் சர்டிபிகேட் வாங்க ஆபீசுக்கு வந்தாள். வாங்கிய பிறகும் போகாமல் என் மேஜைப் பக்கம் நின்றாள்.

"அந்தக் கொள்ளேகால் ஆன்ட்டி அட்ரஸ் இருக்கா மேடம்?" என்றாள்.

ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. அக்காதான். ஆபீசில் புதிதாக இரண்டு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்களாம், தன்னைத்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம். முதலாளி முதற்கொண்டு ஒருத்தருக்கும் அழிக்கும் பர்மிஷன் கொடுக்கவில்லை என்றார். நான் சிரித்துவிட்டேன்.

"அப்புறமுங்க மேடம், அந்தப் புள்ள லெட்டர் போட்டிருக்குதுங்க. நாலே வரிதான். நல்லா இருக்கீங்களா, பசங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டிருக்குது. வேறொண்ணும் எழுதல." பின்னால் கேட்ட பஸ் ஹாரனை மீறிக் குரலை உயர்த்தினார். "பதில் எழுதோணும். இங்கிலீஷ்ல எழுதுனா நல்லா இருக்குமுங்களா, கன்னடத்துல எழுதட்டுமுங்களா?"

"கன்னடத்துலயே எழுதுங்க அக்கா" என்றேன். "டைப் பண்ணாதீங்க. கையால எழுதுங்க."